மாவாய்ப் போன பாஸ்வேர்ட்

"சின்ன எழுத்து எம். பிறகு ரெண்டு ஏ. மாம்பழம் அக்கா, மாம்பழம்! முழுக்கச் சின்ன எழுத்து. கடைசியிலை ஒண்டு, ரெண்டு, மூண்டு. விளங்கிச்சுதோ?"

கமலாவதி ரீச்சர் தொலைபேசியில் கதைத்தால், கீழே சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் விளங்கும். கடைசி வாங்கில் நித்திரை கொள்கிற பிள்ளையை எழுப்புவதற்காகப் பழக்கிய குரல் அது. பென்சன் எடுத்த பிறகும் இறங்கவில்லை.

மூலை மேசையிலிருந்த பிரவீணன் தலையில் கை வைத்தான்.

"ரீச்சர், பாஸ்வேர்ட்டை உப்பிடிச் சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது."

"மெல்லச் சொன்னால் அந்த மனுசிக்குக் கேக்காது தம்பி. அளவெட்டி சிவகாமியக்காவுக்குக் காது மந்தம்."

இப்போது பெயரும் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது 'இணைமாலை திருமண சேவை'. உரிமையாளர் கமலாவதி ரீச்சர். அதன் இணையத்தளத்தை முதலில் செய்து கொடுத்தவர் ரீச்சரின் மருமகன். அவர் வெளிநாடு போனபின் பிரவீணன் பொறுப்பெடுத்தான். சாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்லும் புரோகிராமை எழுதியது அவன்தான். வடமராட்சியிலிருந்து வலிகாமம் வரைக்கும் அந்தத் தளத்துக்கு ஒரு பெயர் இருந்தது: இணைமாலை சேர்த்த சோடி பிரிந்ததில்லை. அந்தப் பெயர் முழுவதும் தன் புரோகிராமுக்குச் சேர வேண்டியது என்பது பிரவீணனின் கணக்கு. பட்டியலைத் தருவது புரோகிராம்; பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு குடையோடு வீடு வீடாகப் போவது மட்டும்தானே ரீச்சர்?

அன்றைக்கு அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். வல்வெட்டித்துறையில் சொந்தமாகப் படகு வைத்திருக்கும் கனகரத்தினம். மகள் நிவேதனாவுக்கு மாப்பிள்ளை தேடி வந்தவர், மின்விசிறிக்குக் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் உண்மையில் பேப்பர் வாசிக்கவில்லை என்பது அடுத்த நாள் காலை தெரிந்தது.

"ரீச்சர், அந்த அளவெட்டிப் பெடியன் எங்களுக்குச் சரிவராது," என்று சொல்லிக்கொண்டே படியேறினார். "சீனி வருத்தம் இருக்கு. ஏற்கெனவே கன இடத்திலை பொம்பிளை பாத்துத் தட்டிப்போயிருக்கு. ஒரு இடத்திலை பொம்பிளையே வேண்டாமெண்டிட்டாளாம்."

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாம்பழம் ஒண்டு ரெண்டு மூண்டு."

"கனகரத்தினம்! அடுத்தவையின்ரை கணக்குக்குள்ளை போய்ப் பாத்தனீங்களோ?"

"நான் களவாப் போகேல்லை ரீச்சர். நீங்கள் கூப்பிட்டுச் சொன்னியள், நான் போனன்."

மத்தியானத்துக்குள் செய்தி அளவெட்டிக்குப் போய்விட்டது. சிவகாமியக்கா தொலைபேசியில் அழுதார். காது மந்தமானவர் என்பதால் ரீச்சர் சொன்ன சமாதானம் ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை; சந்தியில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

பிரவீணனுக்கு நெஞ்சு சுட்டது. சனம் நம்பித் தந்த விசயங்கள்! வருத்தம், சம்பளம், முறிந்துபோன கலியாணப் பேச்சுக்கால். அன்று பின்னேரம் ரீச்சரின் மருமகன் முன்பு எழுதிய பக்கத்தை முதல்தடவையாகத் திறந்தான். பயந்தது சரி. எல்லோருடைய பாஸ்வேர்ட்டும் சந்தைக் கடகத்தில் மரக்கறி மாதிரி அப்படியே திறந்து கிடந்தது. முதல் வரியில் மாம்பழம். இரண்டாவது வரிக்குக் கண் போவதற்கு முன் சட்டென்று திரையை மூடினான். அடுத்தவர் பாஸ்வேர்ட்டை வாசிப்பதும் அடுத்தவர் சட்டைப்பைக்குள் கை விடுவதும் ஒன்று என்பது அவன் கொள்கை.

ரீச்சர் அந்தப் பக்கத்தை நாள்தோறும் காலையில் பால் கலக்காத பிளேன்ரீயோடு திறந்து வாசிப்பவர் என்பது அவனுக்குத் தெரியும். மறதிக்காரருக்கு எடுத்துச் சொல்லத்தான் என்று நினைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் இருந்து வேலையை முடித்தான். திங்கட்கிழமை காலை ரீச்சரின் குரல் சந்திவரைக்கும் போனது.

"தம்பி! வைரஸ் வந்திட்டுது! எல்லாம் கிறுக்கலாக் கிடக்கு!"

"வைரஸ் இல்லை ரீச்சர். நான்தான் அரைச்சனான்."

"அரைச்சனீரோ?"

"ஒடியலை, காய்ஞ்ச பனங்கிழங்கை, இடிச்சு மாவாக்கினால் திரும்பக் கிழங்காக்கேலுமோ? ஏலாதெல்லே. அதே மாதிரித்தான். ஒராள் பாஸ்வேர்ட் போட்டால் அதையும் அரைச்சு, ரெண்டு மாவும் ஒண்டோ எண்டு கொம்பியூட்டர் பாக்கும். கிழங்கு என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. ஒவ்வொருதருக்கும் வேறை வேறையா உப்பும் போட்டிருக்கிறன், ஒரே கிழங்கெண்டாலும் மா வேறை மாதிரி இருக்கும்."

ரீச்சருக்கு உப்பில் அக்கறை இல்லை. "பழைய பிரதி ஒண்டு வைச்சிருப்பீர்தானே?"

"அழிச்சிட்டன் ரீச்சர். அதுதான் முறை."

"அப்ப ஒண்டையும் வாசிக்கேலாது?"

"ஒண்டையும்!"

பாராட்டுக்குக் காத்து நின்றான். ரீச்சர் ஆறிப்போன பிளேன்ரீயைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பொருத்தப் பட்டியலை எடுத்து, ஒரு பெண்ணுக்கு நேரே வந்த மாப்பிள்ளைமாரின் பெயர்களில் விரலை மேலும் கீழும் ஓட்டினார்.

"இதிலை ஆரெண்டு நான் இனி எப்பிடித் தம்பி சொல்லுறது?"

"என்ன ரீச்சர் கேள்வி? முதலாவது ஆள்தான். கூடின பொருத்தம் அவருக்குத்தானே."

அன்று பதினொரு மணிபோல ஒரு பெண்பிள்ளை அழைத்தாள். வல்வெட்டித்துறை நிவேதனா, யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்ப்பவள். ரீச்சர் வெளியே போயிருந்தார்.

"அண்ணை, நான் சனிக்கிழமை ராத்திரிதான் பதிஞ்சனான். ரீச்சர் என்ரை பாஸ்வேர்ட்டைப் பாத்தவவோ?"

பிரவீணனுக்கு அந்தப் பயம் நன்றாக விளங்கியது. குரலைக் கனிவாக்கினான்.

"ஒண்டுக்கும் யோசிக்காதேயுங்கோ தங்கச்சி. பாத்திருக்க மாட்டா. இனியும் பாக்கேலாது. ரீச்சராலும் ஏலாது, என்னாலும் ஏலாது, நல்லூர்க் கந்தனாலும் ஏலாது."

மறுமுனையில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு லைன் வெட்டுப்பட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கீர்த்திகாவிடம் பெருமையாகச் சொன்னான். "பாதுகாப்பெண்டால் என்னெண்டு சனத்துக்கு இப்பதான் விளங்குது கீர்த்தி. ஒரு பிள்ளை சந்தோசத்திலை அழுதே போட்டுது."

கீர்த்திகா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "எல்லாத்தையுமோ அரைச்சனீங்கள்?"

"ஒண்டும் மிச்சமில்லை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே தேங்காயைத் துருவினாள். அதையும் அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பாஸ்வேர்ட்டை மறந்தவர்கள் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். இனி வாசித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, புதிய பாஸ்வேர்ட் வைப்பதற்கான இணைப்பு எல்லோருக்கும் ஈமெயிலில் போகும்படி செய்தான். அனுப்பு என்று அழுத்தியதும் ரீச்சரின் கைத்தொலைபேசி கலியாண வீட்டுத் தவில் மாதிரி அடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை.

"என்ன தம்பி இது, எல்லாம் எனக்கே வருது?"

"பதியேக்கை ஆற்றை ஈமெயிலை ரீச்சர் குடுத்தனீங்கள்?"

"ஈமெயில் இல்லாதவைக்கு என்ரையைக் குடுத்தனான்."

"எத்தினை பேருக்கு இல்லை?"

ரீச்சர் யோசித்தார். "இருந்தவையை நான் கேக்கேல்லை."

பிரவீணன் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கக் கீழே போய் ஒரு ரீ குடித்தான். திரும்பி வந்தபோது ரீச்சர் விரல்களை உதறிக்கொண்டு களைத்துப்போய் இருந்தார்.

"முடிச்சிட்டன் தம்பி. வந்த எல்லாத்தையும் ஒண்டொண்டா அமத்தி, எல்லாருக்கும் புதுப் பாஸ்வேர்ட் போட்டிட்டன்."

"எல்லாருக்குமோ? என்னெண்டு?"

"எல்லாருக்கும் ஒண்டுதான். கமலாவதி. இனி ஒருத்தரும் மறக்க மாட்டினம்."

பிரவீணன் தன் மேசைக்கு ஓடினான். ஒரு பெயர் தெரிந்தால் யாழ்ப்பாணம் முழுவதின் சீனி வருத்தமும் தெரிந்துவிடும் என்ற நிலை. உடனே எல்லாவற்றையும் ரத்துச் செய்தான். இனி ஈமெயில் இல்லை. உள்ளே போக விரும்புகிறவரின் கைத்தொலைபேசிக்கு ஒரு கோட் நம்பர் வரும். அதை ஐந்து நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். அதன்பின் தானே ஒரு பாஸ்வேர்ட் வைக்கலாம். இதில் ரீச்சருக்கு அமத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் கனகரத்தினம் வந்தார். கடலிலிருந்து நேரே வந்தவர் போல, சாரத்தில் உப்புக் காய்ந்திருந்தது. பொலித்தீன் பையில் சுற்றிய போனை மேசையில் வைத்தார்.

"தம்பி, உதொருக்காப் பாரும். கரையிலை சிக்னல் வந்ததும் வராததுமா ஒரே இலக்கமா வந்து குவியுது. ஏதும் சீட்டிழுப்போ?"

பிரவீணன் பார்த்தான். எல்லாம் இணைமாலையின் கோட் நம்பர்கள். பதிவில் இருந்தது மகளின் இலக்கமல்ல, தகப்பனின் இலக்கம். மற்றப் பதிவுகளையும் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். நிவேதனா அச்சகத்தில் இருந்து கோட் கேட்க, அது நடுக்கடலைத் தேடிப் போயிருக்கிறது. படகு கரைக்கு வருவதற்குள் கோட் செத்துப்போயிருக்கிறது.

"அண்ணை, இது உங்கடை மகள் எங்கடை தளத்துக்குள்ளை போகக் கேட்ட நம்பர்."

"இவ்வளவு தரமோ? வேலை நேரத்திலையோ?" கனகரத்தினம் புருவத்தைத் தூக்கினார். "ஏன் உப்பிடி விடாமல் உள்ளுக்குப் போகப் பாக்கிறாள்?"

தகப்பன் கோபிக்கப் போகிறார் என்று பிரவீணன் பயந்தான். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"வேறை என்ன அண்ணை, கலியாணத்திலை ஆசைதான்."

கனகரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! வீட்டிலை கேட்டால் வாயே திறக்கிறாளில்லை. அப்ப ஏன் நாங்கள் இழுத்தடிப்பான்? உம்மடை பட்டியலிலை முதலாவதா ஆர்?"

"லண்டன் மாப்பிள்ளை. கஜீவன். ஒன்பது பொருத்தம்."

"முடிப்பம்!"

"கொஞ்சம் பொறுங்கோ கனகரத்தினம்," என்றார் ரீச்சர் அவசரமாக. "பிள்ளையை ஒருக்காக் கேட்டு..."

"பிள்ளைதானே ரீச்சர் போன் வழியாக் கேட்டுக்கொண்டு நிக்கிறாள்! கொம்பியூட்டரே ஒன்பது எண்டுது. வாற கிழமை பெடியன்ரை தாய் தேப்பன் வரட்டும்."

அவர் படியிறங்கிப் போகும்போது பாடிக்கொண்டே போனார். ரீச்சர் கதிரையில் சாய்ந்து, பிரவீணனை ஒரு பார்வை பார்த்தார். கணக்கில் பூச்சியம் எடுத்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"தம்பி, நீர் கதவு, யன்னல், புகைக்கூடு எல்லாத்தையும் பூட்டிப்போட்டீர். உள்ளுக்கு நிக்கிற பிள்ளை கூப்பிட்டால் கேக்க ஒரு ஓட்டையாவது விட்டிருக்கலாம்."

"ஓட்டை விட்டால் அது பாதுகாப்பில்லை ரீச்சர்."

அந்தக் கிழமையே வேறு இரண்டு இடங்களில் பட்டியலின் முதலாவது மாப்பிள்ளைகள் தட்டிப்போனார்கள். ஒரு பெண் பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வேண்டுமென்றே தும்மிக்கொண்டே இருந்தாளாம். ஒரு பெடியன் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குத் தானே மோர் ஊற்றிக் கொடுத்து, தன் நடத்தை சரியில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டானாம். இணைமாலையின் பெயர் ஆடத் தொடங்கியது. பிரவீணன் புரோகிராமை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தான். கிரகங்கள் எல்லாம் தத்தம் வீட்டில்தான் இருந்தன. ஒரு பிழையும் இல்லை.

"எனக்கு விளங்கேல்லை கீர்த்தி," என்றான் இரவுச் சாப்பாட்டில். "எங்கடை கலியாணத்தையும் இதே புரோகிராம்தானே சேர்த்தது. அப்ப வேலை செய்தது இப்ப ஏன் செய்யேல்லை?"

கீர்த்திகா அவன் தட்டில் இன்னொரு பிட்டுக் குழலைத் தள்ளினாள். "நாளைக்கு ரீச்சர் வீட்டை ஒருக்காப் போட்டு வாறன். மரவள்ளிக்கிழங்கு கொஞ்சம் வளவிலை கிண்டினது கிடக்கு, குடுக்க வேணும்."

கிழங்கு கொடுக்கப் போனவள் மத்தியானம் திரும்பி வந்தாள். அதற்கு அடுத்த நாள் ரீச்சர் புதுத் தெம்போடு அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"என்ன பெட்டி ரீச்சர்?"

"உம்மடை தளத்திலைதான். பிள்ளையள் எனக்கு மட்டும் ஏதும் எழுத விரும்பினால் எழுத ஒரு பெட்டி. தாய் தேப்பன் பாக்கக் கூடாது. நீரும் பாக்கக் கூடாது. நான் மட்டும் வாசிக்க வேணும். நம்பரும் பிள்ளையளின்ரை சொந்த நம்பருக்குப் போக வேணும், அப்பன்மாரின்ரைக்கு இல்லை."

பிரவீணன் துள்ளி எழும்பினான். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இவ்வளவு காலமும் காத்திருந்தவன் போல.

"சரியாச் சொன்னியள் ரீச்சர்! அது வேறை விசயம். பாஸ்வேர்ட்டை அரைக்க வேணும், ஏனெண்டால் அதை ஒருத்தரும் வாசிக்கத் தேவையில்லை. ஆனால் வாசிக்க வேண்டிய ரகசியத்தை அரைக்கக் கூடாது, பெட்டியிலை வைச்சுப் பூட்ட வேணும். திறப்பு உங்களிட்டை மட்டும் இருக்கும். கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாலும் கள்ளனுக்குக் கிறுக்கல்தான் மிஞ்சும்."

"இதை நீர் முதலே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேக்கேல்லையே ரீச்சர். வருத்தங்கள், மருந்துகள் பற்றிய விபரத்துக்குத்தானே?"

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வருத்தம் எண்டும் சொல்லலாம்."

இரண்டு நாளில் பெட்டி தயார். ஒவ்வொரு பிள்ளையையும் ரீச்சரே அழைத்துச் சொந்த இலக்கத்தைக் கேட்டு மாற்றினார். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார். கீழே மருந்துக்கடைக்காரர் ரீச்சருக்குச் சுகமில்லையோ என்று விசாரிக்க மேலே வந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில் முதல் குறிப்பு வந்து விழுந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து. பிரவீணன் கௌரவமாக முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ரீச்சர் தன் திறப்பைப் போட்டு வாசித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலை இழுத்தார், அதில் கீழே எங்கோ ஒரு பெயரைப் பிடித்தார், குடையை எடுத்தார்.

"லண்டன்காரர் எப்ப வருகினம்?"

"நாளைக்கு ரீச்சர்."

"அப்ப நான் இண்டைக்கே போறன்."

வல்வெட்டித்துறை வீட்டில் நடந்ததை ரீச்சர் பிறகு சுருக்கமாகத்தான் சொன்னார். கனகரத்தினம் முதலில் துள்ளினாராம். ஒன்பதை விட்டு ஆறுக்கு இறங்க அவருக்குப் பைத்தியமா என்று கேட்டாராம். புதிய கணக்கு வந்திருக்கிறது, அதன்படி லண்டன் சரிவராது, காங்கேசன்துறையில் கப்பல் இறங்குதுறையில் வேலை செய்யும் லோஜன்தான் முதலாவது என்று ரீச்சர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

"என்ரை புரோகிராமிலை பிழை எண்டோ சொன்னனீங்கள்?" பிரவீணன் கதிரையை விட்டு எழும்பினான்.

"பிழையெண்டு சொல்லேல்லைத் தம்பி. திருத்தமெண்டு சொன்னனான்."

"ஒத்துக்கொண்டாரோ?"

"பெடியன் படகோட்டத் தெரிஞ்சவன் எண்டதும் ஆள் பாதி இளகிட்டார். மிச்சப் பாதிக்கு மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பிள்ளை குசினிக்குள்ளை அடுப்படியிலை இருந்து, அவர் கேட்டு முடிக்க முதலே ஓம் எண்டது."

அதன்பின் இணைமாலைக்கு நல்ல காலம்தான். பூட்டுப் பெட்டிக்குள் குறிப்புகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ரீச்சர் காலைப் பிளேன்ரீயோடு அவற்றை வாசித்தார். பட்டியலில் முதலாவது, மூன்றாவது, ஏழாவது என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு குடையோடு போனார். போன இடமெல்லாம் சரிவந்தது. அளவெட்டிச் சிவகாமியக்காவின் மகனுக்கும் ஒரு இடம் வந்தது. சீனி வருத்தத்தைத் தெரிந்துகொண்டே விரும்பிய ஒரு தாதி. தன் அரைத்த பாஸ்வேர்ட்டும் பூட்டிய பெட்டியும் சனத்தின் நம்பிக்கையைக் கூட்டியதால்தான் கிரகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பிரவீணன் முடிவுகட்டினான்.

ஆவணியில் நிவேதனாவுக்கும் லோஜனுக்கும் கலியாணம். வல்வெட்டித்துறை மண்டபம் கொள்ளாத சனம். தாலி கட்டி முடிந்ததும் கனகரத்தினம் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பிரவீணனின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"தம்பி, கொம்பியூட்டரெண்டால் கொம்பியூட்டர்தான்! பாரும், ரெண்டும் பிறந்ததிலை இருந்து தெரிஞ்ச ஆக்கள் மாதிரியெல்லோ சிரிக்குதுகள்!"

மணவறையில் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரவீணனுக்குக் கண் கலங்கியது. ரீச்சர் முன்வரிசையில் இருந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியான வெயிலில் கடற்கரை வீதியால் மோட்டார்சைக்கிளில் திரும்பினார்கள். காற்று நன்றாக வீசியது. பின்னால் கீர்த்திகா, மடியில் பலகாரப் பையோடு. பிரவீணன் தலையைச் சற்றே திருப்பி, காற்றுக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னான்.

"நினைச்சுப் பாரும் கீர்த்தி. நீர் ஆரோ, நான் ஆரோ. நீர் வேலை செய்த கந்தோருக்குக் கொம்பியூட்டர் திருத்த ரெண்டு மூண்டு தரம் வந்திருப்பன், ஒரு வார்த்தை கதைச்சிருக்க மாட்டன். எத்தினை ஆயிரம் பேருக்குள்ளை இருந்து என்ரை புரோகிராம் சரியா உம்மைக் கண்டுபிடிச்சு, ரீச்சரை எங்கடை வீட்டை அனுப்பிச்சுதே!"

கீர்த்திகா பலகாரப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் காதுக்குக் கிட்டவாகக் குனிந்தாள்.

"புரோகிராம் எங்கையப்பா கண்டுபிடிச்சது? ரீச்சர் நாள்தோறும் வாசிக்கிறா எண்டு பெட்டையள் எல்லாருக்கும் தெரியுமெண்டதாலை, பதியேக்கை நான் பாஸ்வேர்ட்டா உங்கடை பேரைத்தானே போட்டனான்."